வெளித்தாழ்ப்பாளைக் கழற்றிய அண்ணாச்சி

குற்றாலத்தில் ஒரு லாட்ஜின் மாடியில் நின்று, அறைகள் துடைத்தாயிற்றா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது தென்காசி ஆபீசிலிருந்து போன் வந்தது. “அக்கா, சண்முகவேல் அண்ணாச்சி தவறிட்டாரு” என்றாள் ஆபீஸ் பெண். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. முகம் பார்த்து ஒரு பதில் சொல்லாமலே போய்விட்டீரே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். வாளியோடு நின்ற பெண் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள்.

அவரும் நானும் இந்தத் துப்புரவுக் கம்பெனியில் ஒரே காலத்தில் சேர்ந்தவர்கள். லாட்ஜ்களையும் ஆஸ்பத்திரிகளையும் கூட்டித் துடைத்துக் கொடுப்பது எங்கள் தொழில். ஆள் எடுப்பது அவர் பொறுப்பு, வேலை வாங்குவது என் பொறுப்பு. என்னைவிட மூத்தவர் என்பதால் எனக்கு அவர் அண்ணாச்சி, அவருக்கு நான் தங்கச்சி.

அவர் சட்டைப் பையில் பேனா இருக்காது, திருப்புளி இருக்கும். வெளியூர் ஆட்களைத் தங்கவைக்க ஓர் அறை பார்த்தால் தண்ணீர், கக்கூஸ் எல்லாம் பிறகுதான். முதலில் கதவின் வெளிப்பக்கம் போவார். அங்கே தாழ்ப்பாள் இருந்தால் அந்த இடத்திலேயே கழற்றிவிடுவார். “உள்ள இருக்கவந்தான் கதவைப் பூட்டணும். வெளிய நிக்கவனுக்கு என்ன சோலி?” என்பார். வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். கழற்றிய தாழ்ப்பாளை அவர்கள் கையிலேயே வைத்துவிட்டு நடையைக் கட்டுவார்.

ஒருமுறை ஏஜெண்ட் ஒருவன் வடக்கத்திப் பெண்களை வேனில் கொண்டுவந்து இறக்கினான். அவர்களுடைய ஆதார் கார்டெல்லாம் அவன் பையில் இருந்தன. தொலைத்துவிடுவார்களாம், பத்திரமாக வைத்திருக்கிறானாம். “ஏலே, ஒன் கார்டை எங்கிட்ட தந்து வைப்பியா?” என்று கேட்டார் அண்ணாச்சி. ஒவ்வொருத்தி கைக்கும் கார்டு போய்ச் சேரும்வரை அவனை எழுந்திருக்க விடவில்லை. அன்று நான் அவரைப் பெருமையோடு பார்த்த மாதிரி என் கூடப்பிறந்தவர்களைக்கூடப் பார்த்ததில்லை.

போன சாரல் சீசன் வரை அப்படித்தான் இருந்தது. ஒரு சனிக்கிழமை, குற்றாலத்தில் கால் வைக்க இடமில்லை, லாட்ஜ்களுக்கு வெளுத்த பெட்ஷீட் வந்து சேரவில்லை. வெளுப்பதைப் பண்பொழிப் பக்கம் ஒரு லாண்டரிக்கு விட்டிருந்தோம். அதைப் பேசி முடித்தவர் அண்ணாச்சி. நான் அங்கே போனதில்லை. “அதை நான் பாத்துக்கிடுதேன்” என்று அவர் சொன்ன பிறகு எனக்கு என்ன சந்தேகம் வரும்? அன்று வேறு வழியில்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு நானே போனேன்.

இரும்புக் கேட், வெளியே பூட்டு. காவலுக்கு ஆள் யாரையும் காணவில்லை. கம்பிக்குப் பின்னால் ஈரக் கையோடு பெண்கள் வந்து நின்றார்கள். சுகந்தி என்ற ஒடிசாக்காரப் பெண், கேரளத்தில் வேலை பார்த்துப் பழகிய மலையாளத்தையும் தமிழையும் கலந்து பேசினாள். “சேச்சி, ஒரு போன் தருமோ? அம்மைக்கு சுகமில்ல. எங்க போனெல்லாம் முதலாளி வாங்கிட்டார். வீட்டுக்குப் போகணும்னா சீசன் முடியட்டும்னு சொல்றார்.”

கம்பி வழியாக என் போனைக் கொடுத்தேன். அவள் பேசி முடித்ததும் நான் கூப்பிட்டது அண்ணாச்சியைத்தான். திருப்புளியோடு ஓடி வருவார் என்று நம்பினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: “நீ ஷீட்டை மட்டும் ஏத்திட்டு வா தங்கச்சி. மத்ததை சீசன் முடியவும் பேசிக்கிடலாம்.”

நான் ஏற்றவில்லை. கேட் முன்னாலேயே உட்கார்ந்து போலீசுக்கும் தொழிலாளர் துறைக்கும் போன் போட்டேன். சாயங்காலம் அவர்கள் வந்து பூட்டைத் திறக்க வைத்தார்கள். சுகந்தி அன்றைக்கே ஊருக்கு ரயிலேறினாள். லாட்ஜ்களில் விரிப்பு இல்லாமல் விருந்தினர்கள் என்னைத் திட்டித் தீர்த்தார்கள். திட்டட்டும்.

மறுநாள் ஆபீசில் அவரை நேருக்கு நேர் கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். “அவங்க நம்ம ஆளு இல்லலா தங்கச்சி. துணி மட்டுந்தான நம்மளது? நான் அங்கன போனதே இல்ல. கேட்டா தெரிஞ்சிரும். தெரிஞ்சா நிப்பாட்டணும். சீசன்ல வேற எங்கன போய் வெளுக்க?” அதற்குப் பிறகு அவர் ஆபீசுக்கு வரவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்றார்கள். நானும் போய்ப் பார்க்கவில்லை. போனதே இல்லை என்ற அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, பாவம், தெரியாமல் இருந்துவிட்டார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

சுகந்தி இப்போதும் அவ்வப்போது பேசுவாள். அவளுடைய அம்மா தேறிவிட்டாள். அண்ணாச்சியின் கண்ணீர் அஞ்சலி போஸ்டரை என் ஸ்டேட்டசில் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். “சேச்சி, இவர் அங்கே வருமே! கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டர்ல இருந்துகிட்டு முதலாளிகூட பேசும். ஒரு நாள் நான் அண்ணான்னு கூப்பிட்டேன். திரும்பி என்னைப் பார்த்தார். அப்புறம் வண்டியைக் கிளப்பிட்டுப் போயிட்டார்.”

அவரை அறிந்தவர்களே, அவரால் பூட்டில்லாத அறையில் தூங்கியவர்கள் உங்களில் நிறையப் பேர். நீங்கள் அழுவதில் தவறில்லை, அவர் உங்களுக்குச் செய்தது பொய்யுமில்லை. எனக்கு மட்டும் அந்த ஸ்கூட்டர் சத்தம் ஓயமாட்டேன் என்கிறது. சுகந்தியோடு பேசிய பிறகுதான் அழுதேன். அவர் செய்த வேலையை நான் தொடர்ந்து செய்கிறேன், அவர் நிறுத்திய இடத்தில் நிறுத்துவதாக இல்லை. இந்தச் சீசனில் துணி வெளுக்கும் இடங்களுக்கும் நானே போகிறேன், உள்ளே போய் அந்தப் பெண்களோடு உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறேன். கிளம்பும்போது பின்னாலிருந்து யாராவது அக்கா என்று கூப்பிட்டால், வண்டியை அணைத்துவிட்டு இறங்குகிறேன்.