ஏழாவது அறையில் பால் பொங்கியது

எங்கள் கட்டடத்துக்கு மூன்று சொந்தக்காரர்கள். நிலம் பல்கலைக்கழகத்துடையது, முதலீடு அரசுடையது, கட்டி நடத்துவது ஒரு தனியார் நிறுவனம். காஞ்சிபுரத்துக்கு வெளியே வயல்களுக்கு நடுவில் கண்ணாடி போட்ட ஆராய்ச்சிப் பூங்கா. பூங்கா என்பது பெயரில்தான். ஒரே ஒரு வேப்பமரம் நின்றது, ஜெனரேட்டர் வைக்க அதையும் வெட்டுவதாக இருந்தார்கள். நான் அங்கே மின் பொறியாளர். வாடகைக்கு வரும் நிறுவனங்களை அறைகளில் குடியமர்த்துவதும் என் வேலை.

ஒரு நிறுவனம் வந்துவிட்டது என்று எப்போது கணக்கில் கொள்வது? பல்கலைக்கழகத்துக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்து போதும். அரசுக்கு உள்ளே ஆளும் வாசலில் பெயர்ப்பலகையும் வேண்டும். தனியாருக்கு மீட்டர் ஓட வேண்டும். வாடகைதாரர்களுக்கு நாலாவதாக ஒரு கருத்து இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

ஆய்வுக் குழு ஆடி மாதத்தில் வருவதாக இருந்தது. அன்று ஏழு நிறுவனங்களாவது உள்ளே இருக்க வேண்டும். இல்லாவிட்டால், எல்லோருக்கும் பொதுவான மூன்றாம் மாடிச் சோதனைக்கூடம் ஒரு பெரிய கம்பெனிக்குப் போய்விடும். கையெழுத்துப் போட்டவர்கள் சரியாக ஏழு பேர். ஏழு பேரும் ஆவணியில் வருவதாகச் சொன்னார்கள்.

சோதனைக்கூடம் போனால் ஆறு பேர் வருத்தப்படுவார்கள். ஏழாவது பெண்மணி தொழிலையே விட வேண்டியிருக்கும். ஊருக்குள் பெரிய காஞ்சிபுரம் பகுதிக்காரர். சாயம் போட்ட பட்டு நூலை மழைக்காலத்தில் உலர்த்த, பேட்டரியில் ஓடும் பெட்டி ஒன்று செய்திருந்தார். சோதித்துச் சான்று வாங்காமல் அதை விற்க முடியாது. வெளியே கொடுத்துச் சோதிக்க அவருக்கு வசதியில்லை.

"ஆடியில புது எடத்துக்குப் போறதா? எங்கூட்ல ஒத்துக்க மாட்டாங்க மேடம்" என்றார் அவர். கூடவே வந்திருந்த மாமியார்தான் வழி சொன்னார்.

"ஆனி கடைசி முகூர்த்தத்துல பால காச்சிட்டு, பெட்டிய அங்கயே வச்சிட்டு வந்துடலாம். அப்பால ஆடியில போனா அது குடி போறது இல்லமா, வேலைக்குப் போறது."

இவ்வளவு தெளிவான வாக்கியத்தை எங்கள் முத்தரப்பு ஒப்பந்தத்தில் நான் படித்ததில்லை. மற்ற ஆறு பேரும் உடனே ஒப்புக்கொண்டார்கள்.

கட்டடத்துக்குள் நெருப்பு கூடாது. ஆகவே ஆளுக்கொரு இண்டக்‌ஷன் அடுப்பு. மாடிக்குத் தற்காலிக இணைப்புதான் இருந்தது. ஆறு அடுப்பைத் தாங்கும், ஏழாவதைத் தாங்காது. நான் வரிசை போட்டேன்: ஒருவர் பால் பொங்கி அணைத்தபின் அடுத்தவர். உலர்த்தும் பெட்டிக்காரர் கடைசி.

கணக்கில் பிழையில்லை. பாலுக்குப் பின் சர்க்கரைப் பொங்கல் வைப்பார்கள் என்பதை மட்டும் சேர்க்கவில்லை. நான் இதே ஊரில் பிறந்தவள். எல்லா வீட்டிலும் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன்.

ஆறு அறைகளிலும் பால் பொங்கியது. ஒருவரும் அடுப்பை அணைக்கவில்லை. அரிசி வெந்துகொண்டிருந்தது. ஏழாவது அடுப்பைப் போட்டதும் மொத்த மாடியும் இருண்டது. மின்பெட்டிச் சாவி எலக்ட்ரீஷியனிடம். அவர் மாகறலில், அக்கா குழந்தையின் காதுகுத்தில். அவருக்கும் அதுதான் கடைசி முகூர்த்தம்.

"இன்னாமா இன்ஜினியரு, பால் காச்ச கரன்ட்டு கேட்டா, பால வச்சி கரன்ட்டையே நிறுத்திட்டியே" என்றார் மாமியார்.

"வந்துக்கினே இருக்காரும்மா."

"அவரு வந்துக்கினு இருக்கட்டும். நல்ல நேரம் போய்க்கினு இருக்குதே."

மருமகள் என்னிடம் ஸ்க்ரூ டிரைவர் கேட்டார். பட்டு தாங்கும் சூட்டுக்கு மேல் போனால் அவருடைய உலர்த்தும் பெட்டி தானாக அணைந்துவிடும். அணைக்கும் அந்தச் சின்னத் தடுப்பைக் கழற்றினார். சூடேறும் தகட்டின் மேல் ஒரு டம்ளர் பாலை வைத்தார். மூவரும் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். பாலில் ஆடை கட்டியது. பிறகு நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை.

"பேட்டரியில பொங்குனா கணக்குல வருமா அத்தை?"

"ஏன்டி, சாமி மீட்டரா பாக்கப் போவுது? நீ பால பாரு."

நல்ல நேரம் முடியுமுன் பொங்கி, பெட்டியின் அடிவரை வழிந்தது. கிழக்கே வழிந்தது என்று மாமியார் அறிவித்தார். டம்ளர் வட்டம். பால் எல்லாப் பக்கமும்தான் வழிந்திருந்தது.

ஆடியில் குழு வந்தபோது ஏழு அறைகளிலும் ஆட்கள் இருந்தார்கள். இதுவரை என்ன ஆராய்ச்சி நடந்தது என்று கேட்டார்கள். ஆறு பேர், விரைவில் தொடங்கும் என்றார்கள். ஏழாமவர், "வெப்பச் சோதனை ஒண்ணு பண்ணோம் சார்" என்றார்.

"எதை வச்சு?"

"பால் சார்."

"முடிவு?"

"பொங்கிச்சு சார்."

எழுதிக்கொண்டார்கள். சோதனைக்கூடம் பொதுவிலேயே இருந்தது.

அதில் முதலில் சோதித்தது அவருடைய பெட்டியைத்தான். சூடு எல்லை மீறுகிறது, தேறவில்லை என்று அறிக்கை வந்தது. கழற்றிய தடுப்பை அவர் திரும்ப மாட்டவே இல்லை. அது கைப்பையில் இருந்தது.

"மாட்டிட்டு மறுபடி குடுக்கலாமா மேடம்?"

"எத்தினி வாட்டி வேணும்னாலும் குடுங்க. கூடம் மேலதான இருக்குது" என்றேன்.

ஸ்க்ரூ டிரைவர் கேட்டார். கொடுத்தேன். பெட்டியைத் திறந்ததும் பால் வாடை அடித்தது.