ஐந்து பக்கத்தில் சொந்தக் கருத்து

புடவைக் கடையில் சேர்ந்த அன்றே சொல்லிக் கொடுக்கிற பாடம் ஒன்றுதான்: கஸ்டமர் கையில் எடுத்த புடவையைக் குறை சொல்லாதே. கடலூரில் ஒரு ஜவுளிக் கடையில் பட்டு செக்‌ஷனில் நிற்கிறேன். மாம்பழ மஞ்சளையும் நல்லா இருக்கு என்பேன், பக்கத்தில் கிடக்கும் கத்தரிப்பூ கலரையும் நல்லா இருக்கு என்பேன். இந்த வாயை வைத்துக்கொண்டு, நாற்பதை நெருங்கும் வயதில் தபால் வழியில் பி.ஏ. சமூகவியல் சேர்ந்தேன். டிகிரி இல்லாதவர்களுக்கு சூப்பர்வைசர் வேலை கிடையாது என்று முதலாளி சொல்லிவிட்டார். நான் புடவை மடிக்கக் கற்றுக்கொடுத்த பெண், டிகிரி வாங்கிக்கொண்டு எனக்கே சூப்பர்வைசராக வந்து நின்றாள். நல்ல பெண்தான், ஆனாலும் எனக்கு வயிறு எரிந்தது. வேலைக்கும் போய்க்கொண்டு படிக்கவும் செய்கிற சக ஜீவன்களே, மற்றதை நான் சொல்லியா உங்களுக்குத் தெரிய வேண்டும்?

முதல் வரி

முதல் அசைன்மெண்ட்டின் தலைப்பு: ‘கூட்டுக் குடும்பமா, தனிக் குடும்பமா? உங்கள் கருத்தைக் காரணங்களுடன் எழுதுக.’ ஐந்து பக்கம், சொந்தக் கையெழுத்தில். இதில் தேறினால்தான் பரீட்சைக்கு உட்கார விடுவார்கள்.

வார லீவு நாளில் வெள்ளைத்தாள் கட்டோடு உட்கார்ந்தேன். முதல் வரி வரவில்லை. சும்மா இருப்பானேன் என்று எல்லாத் தாளுக்கும் சிவப்பில் மார்ஜின் போட்டேன். பிறகு பச்சையில் இன்னொரு கோடு. தலைப்பைச் சுற்றிப் பூக்கொடி வரைந்து முடித்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. வொர்க்‌ஷாப்பிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பார்டரு, முந்தியெல்லாம் ஜோரா இருக்குது ஸ்டெல்லா. நடுவுலதான் துணியையே காணோம்.”

சிதம்பரம் ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு சிதம்பரத்தில். சர்ச்சில் முதல் பூசையைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் பஸ் ஏறுவேன். ஒருவழியாக ஐந்து பக்கமும் எழுதி எடுத்துப் போயிருந்தேன். கூட்டுக் குடும்பத்தின் நன்மைகள் இரண்டரைப் பக்கம், தனிக் குடும்பத்தின் நன்மைகள் இரண்டரைப் பக்கம். கடைசியில், ‘இரண்டும் அதனதன் வகையில் சிறப்பானவை, அவரவர் விருப்பப்படி தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்’ என்று முடித்திருந்தேன்.

வகுப்பெடுக்கும் மேடம் என்னைவிட வயதில் சின்னவர். பொறுமையாகக் கடைசி வரி வரைக்கும் படித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் திருத்தி எழுதாவிட்டால் இந்த வருஷம் பரீட்சை இல்லை என்றார். எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். சிரிக்காமல் தாள்களை நீட்டினார். “எனக்குப் பொடவை காட்ட வேணாங்க. நீங்க எதைக் கட்டுவீங்கன்னு மட்டும் சொல்லுங்க.”

கவுண்டரில் ஆராய்ச்சி

சொந்தக் கருத்து என்று ஒன்று என்னிடம் இருக்கிறதா என்றே சந்தேகமாகிவிட்டது. சரி, நாலு பேரைக் கேட்போம் என்று கஸ்டமர்களைப் பிடித்துக்கொண்டேன். சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு மாமியாரும் மருமகளும் வளைகாப்புக்குப் புடவை எடுக்க வந்தார்கள். பேச்சோடு பேச்சாக, “கூட்டுக் குடும்பம் நல்லதாம்மா, தனியா இருக்கறது நல்லதா?” என்று கேட்டேன். இருவரும் ஒரே குரலில் “கூட்டுக் குடும்பந்தான்” என்றார்கள். மருமகள் ஒருபடி மேலே போய், மாமியாரின் தோளில் கையும் போட்டாள். அட, விடை கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

கீழே பில் போடும் இடத்தில் மாமியாரை உட்கார வைத்துவிட்டு, அந்த மருமகள் மட்டும் மேலே ஏறி வந்தாள். எதையாவது மறந்து வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன். இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். “அக்கா, அப்ப கேட்டீங்களே, அதை இப்ப கேளுங்க.”

வீட்டில் ஒரு வாசகர்

அவள் என்ன சொன்னாள் என்பது எனக்கும் அவளுக்கும் இடையே இருக்கட்டும். ஆனால் அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் முதல் வரி தானாக வந்தது. எங்கள் வீட்டில் நான் அத்தை என்று கூப்பிடும் மாமியார், என் வீட்டுக்காரர், கல்யாணமாகாத இரண்டு கொழுந்தன்மார்கள், பிள்ளைகள், நான். ‘நான் கூட்டுக் குடும்பத்தில் இருக்கவே விரும்புகிறேன்’ என்று எழுதினேன். அது நிஜம். பிள்ளைகளை யார் கையில் விட்டு நான் வேலைக்குப் போகிறேன்? அடுத்து இதையும் எழுதினேன்: ‘ஆனால் எல்லாக் கூட்டுக் குடும்பத்திலும் கடைசியாகச் சாப்பிடுகிற ஒருத்தி இருக்கிறாள். அவள் தட்டுக்கு வரும்போது குழம்பு சட்டியின் அடியில் இருக்கும். அவளிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை.’

தாள்களை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனது என் புத்திகெட்டதனம். அத்தை தினமும் பைபிள் வாசிக்கிறவர். கையில் கிடைத்த எதையும் விடமாட்டார். நான் திரும்பி வந்தபோது தாள்கள் இடம் மாறி இருந்தன. அத்தை வாயே திறக்கவில்லை. மறுநாளும் அப்படியே. கிழித்துப் போட்டுவிட்டு, பழையபடி இரண்டும் நல்லது என்றே எழுதிக் கொடுத்துவிடலாமா என்று நினைத்தேன். பரீட்சை போனால் போகிறது, வீட்டு நிம்மதி போகலாமா? சனிக்கிழமை நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அத்தை மூக்குக்கண்ணாடியோடு வந்து நின்றார். “நீ எழுதுனதுல ஒண்ணு வுட்டுப் போச்சு. நீ வர்றதுக்கு முன்ன, இந்த வூட்டுல கடைசியா சாப்புட்டவ நான்தான். அதையும் எழுது, ரெண்டு மார்க் ஜாஸ்தி குடுப்பாங்க.”

எழுதினேன், தேறிவிட்டேன்; அத்தை உத்தரவில் இப்போது எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதால், எங்கள் வீட்டில் தினமும் ஒரு ஆளுக்குக் குழம்பு பத்துவதில்லை என்பது ஆண்களுக்கும் தெரிய வந்திருக்கிறது.