பீரோவோடு பெங்களூருக்கு

ஒரு குடும்பத்தின் வண்டவாளம் முழுதாகத் தெரிய வேண்டுமானால் அவர்கள் கட்டிலைத் தூக்கிப் பார்க்க வேண்டும். அதற்குக் கூலியும் கொடுப்பார்கள் என்பதுதான் என் தொழிலின் விசேஷம். ஓசூரில் ஒரு குட்டியானை வண்டி வைத்திருக்கிறேன். இங்கிருந்து பெங்களூருக்கும் அங்கிருந்து இங்கேயும் வீடு மாற்றித் தருவது வேலை. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்து, அது போனபிறகு ஸ்டியரிங்கைப் பிடித்தவன். லோடு ஏற்றி இறக்க என்னோடு வருபவர் அஞ்செட்டிக்காரர் மாதப்பன். நாற்பது வயது. மூன்று பாஷை தெரியும், ஒன்றிலும் அதிகம் பேசமாட்டார். வாடகை வீட்டில் இருந்து, ஒரு தடவையாவது பீரோவோடு படியிறங்கியவர்கள் எல்லோரும் என் கட்சி. உங்களிடம் புலம்பாமல் வேறு யாரிடம் புலம்புவது?

ஊரார் வீட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தவரை நிம்மதியாகத்தான் இருந்தேன். என் மகள் நித்யாவுக்கு பெங்களூர் மாரத்தஹள்ளியில் வேலை கிடைத்தது. ஓசூரிலிருந்து போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். ஆறாவது மாதம், சில்க் போர்டு சிக்னலில், பஸ்ஸில் நின்றபடியே மயங்கி விழுந்தாள். பெரிய வியாதி ஒன்றுமில்லை, தூக்கமே இல்லை என்றார் டாக்டர். "மாசக் கடைசிக்குள்ள அங்க ஒரு வீடு பாத்துருங்க" என்றாள் என் மனைவி செல்வி. அன்றுமுதல், லோடு இறக்கும் தெருவிலெல்லாம் எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறதா என்று அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தேன். அதிர்ச்சியும் அன்றே ஆரம்பித்தது.

எட்டு டிரம்

ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்த தம்பதி பெங்களூருக்குக் குடிபோனார்கள். சாமான் கொஞ்சம்தான். ஆனால் கடைசியாக எட்டு பிளாஸ்டிக் டிரம்கள் வந்தன. தூக்கிய மாதப்பன் அப்படியே கீழே வைத்துவிட்டார். மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே தண்ணீர். விளிம்பு வரை போர் தண்ணீர்.

"கொட்டிட்டு ஏத்தவா?" என்று கேட்டேன். அந்தப் பெண்ணுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. புது வீட்டில் போர் வற்றிவிட்டதாம், டேங்கர் லாரி என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாதாம், முதல் இரண்டு நாளாவது குளிக்க வேண்டாமா என்றாள். அந்த வீட்டின் வாடகை நான் ஓசூரில் கொடுப்பதைப் போல மூன்று மடங்கு. மூன்றாவது மாடிக்கு எட்டு டிரம்மையும் சுமந்து ஏற்றிவிட்டு, மூச்சு வாங்க உட்கார்ந்த மாதப்பன் சொன்னார்: "எங்கூரு பக்கம் தண்ணி இல்லாத ஊருக்குப் பொண்ணு குடுக்க மாட்டாங்கண்ணா. இங்க வாடகை குடுத்து வராங்க."

வீட்டுக்காரம்மா கேட்ட கேள்விகள்

ஒரு பேங்க் ஊழியரின் சாமான்களை இறக்கிய இடத்தில், மேல் மாடி காலி என்று போர்டு தொங்கியது. வீட்டுக்காரம்மா "எஷ்டு ஜனா?" என்று கன்னடத்தில் ஆள் கணக்குக் கேட்டார். மூன்று பேர் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினார். வாடகையைச் சொன்னார். பத்து மாத வாடகை அட்வான்ஸ் என்றார். அறையைக் காட்டினார். கட்டில் போட்டால் பீரோ வைக்க முடியாது, பீரோ வைத்தால் மூன்று பேரும் நின்றுகொண்டுதான் தூங்க வேண்டும்.

அதோடு விட்டாரா? கறி சமைப்பீர்களா, துணி தினமும் துவைப்பீர்களா, சொந்தக்காரர்கள் வந்து தங்குவார்களா என்று அடுக்கினார். நானும் வெள்ளந்தியாக, கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி என்று வருடத்துக்கு ஒரு இருபது பேர் வருவார்கள் என்று சொல்லித் தொலைத்தேன். கேட் சாத்தப்பட்டது. கட்டில் சட்டத்தைப் பூட்டிக்கொண்டிருந்த பேங்க்காரர் என்னை ஓரமாக இழுத்துச் சொன்னார்: "உண்மையைச் சொன்னா யாருண்ணா வீடு தருவாங்க? எங்க மாமியார் வர்றதையே நாங்க இன்னும் சொல்லல."

பச்சைக் கோடு

கடைசியில் எங்கள் சக்திக்குள் ஒரு வீடு வந்தது. செல்வியையும் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு சமையலறை பிடித்துவிட்டது. வீட்டுக்காரப் பெரியவர் வாய் நிறையப் பேசினார். காலி பண்ணும்போது பெயிண்ட்டுக்கு மட்டும் இரண்டு மாத வாடகை பிடித்துக்கொள்வோம், அது இந்த ஊர் வழக்கம் என்றார். தலையாட்டிக்கொண்டே படி ஏறினேன். திருப்பத்தில் சுவரில் ஒரு ஜாண் நீளத்துக்குப் பச்சையாக ஒரு கோடு. போன வருடம் இதே படியில் ஒரு பள்ளிக்கூட டீச்சரின் பச்சை பீரோவை நான்தான் இறக்கினேன். இடித்ததும் நான்தான். "பரவால்லண்ணா, விடுங்க" என்று அன்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னதால் எனக்கு அது மறந்தே போயிருந்தது.

தெருவுக்கு வந்து டீச்சருக்கு போன் செய்தேன். அந்தச் சுவரைப் பற்றிக் கேட்டேன். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. ஆச்சரியமாகக் கேட்டார்: "அந்தக் கோட்டுக்குத்தாண்ணா எங்ககிட்ட ரெண்டு மாச வாடகையைப் புடிச்சாங்க. இன்னுமா பெயிண்ட் அடிக்கல?"

ஏழுமலை ஐயா

இது எதிர்த்திசை லோடு. பெங்களூர் கண்டோன்மெண்டில் ஒரு பழைய ஓட்டு வீட்டை இடித்து அபார்ட்மெண்ட் கட்டப் போகிறார்கள். அதில் குடியிருந்த ஏழுமலை ஐயா, ஓசூரில் வேலை பார்க்கும் மகனிடம் வருகிறார். எழுபது வயது. வெள்ளைக்காரப் பட்டாளத்துக் குதிரைகளுக்குப் புல் கட்டு போட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த குடும்பமாம். வந்தவரின் பேரனுக்குப் பேரன் இவர். வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து வழியெல்லாம் கை காட்டிக்கொண்டே வந்தார். இது ஏரிபா, அது ஏரிபா, மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டே ஒரு காலத்தில் ஏரிதான்பா என்றார். நான் ஆயிரம் தடவை வண்டி ஓட்டிய ரோடெல்லாம் ஏரிக்குள் போகிறது என்று கேட்டதும் எனக்கு பிரேக்கில் கால் போனது. எட்டு டிரம் தண்ணீர் ஏன் போயிற்று என்று அப்போதுதான் உறைத்தது.

அத்தனை தலைமுறை இருந்த ஊரில், இவர்கள் கொடுக்கக்கூடிய வாடகைக்கு ஒரு அறை கிடைக்கவில்லை. அத்திப்பள்ளி தாண்டி, கடைகளில் தமிழ் போர்டு வர ஆரம்பித்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். சொந்த ஊருக்கு வந்த சந்தோஷம் என்று நினைத்தேன். மனிதர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன டைரியை எடுத்து என்னிடம் நீட்டினார்: "தமிழ்நாட்டுல என் பையன விட்டா எனக்கு ஒருத்தரையும் தெரியாதுபா. உன் நம்பர எழுதிக் குடு."

எங்கள் லோடு

பச்சைக் கோட்டு வீடு வேண்டாம் என்று விட்டுவிட்டோம். கடைசியில் வீட்டை நான் பிடிக்கவில்லை, நித்யாவே பிடித்தாள். அவள் கம்பெனிக்கு நடக்கிற தூரத்தில், மொட்டை மாடியில் ஒற்றை அறை. வாடகை கட்டுப்படியாகும், தண்ணீரும் வருகிறது. ஒரே ஒரு நிபந்தனை, பெண்கள் மட்டும். அம்மா கூட இருக்கலாம். அப்பா வந்தால் கீழே கேட் அருகில் நின்று பேசலாம். இருபத்திரண்டு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறவர்கள் நாங்கள். நித்யா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேணாம்பா, நான் பஸ்லயே போய்க்கிறேன்" என்றாள். மறுநாள் காலை ஐந்து மணிக்குச் செருப்பு மாட்ட உட்கார்ந்தவள், ஒரு செருப்போடு சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எழுப்ப மனசு வரவில்லை. அன்றே முடிவு செய்துவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை என் வண்டியை என் வீட்டு வாசலிலேயே நிறுத்தினேன். மாதப்பன் ஒவ்வொரு சாமானாகத் தூக்கி, "இது போறதா, இருக்கறதா?" என்று கேட்டார். மிக்ஸி போகிறது, கிரைண்டர் இருக்கிறது. சின்னக் குக்கர் போகிறது, பெரியது இருக்கிறது. செல்வி கடகடவென்று பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். மூன்று தலையணைகளை ஒன்றாகத் தூக்கிக்கொண்டு மாதப்பன் கேட்டார். அவளே வந்து ஒன்றை உருவி என் கட்டிலில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். கூலி வாங்கிக்கொண்டு ஊரையே பெயர்த்தவனுக்கு அன்று ஒரு தலையணையைப் பார்க்கத் தெம்பில்லை.

மொட்டை மாடி வரை சாமான் ஏற்ற மட்டும் வீட்டுக்காரர் அனுமதித்தார். இறக்கி வைத்து, கேட்டுக்கு வெளியே நின்று கையசைத்துவிட்டு, காலி வண்டியோடு ஓசூர் திரும்பினோம். ஹெப்பகோடி தாண்டியதும் மாதப்பன் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "எத்தனையோ ஊடு மாத்திட்டோம்ணா. சாமானுக்குச் சொந்தக்காரரையே திருப்பி ஏத்திக்கினு வர்றது இதான் மொத தடவ."

ஆக, பெங்களூர் போனதில் எங்கள் வீட்டில் உருப்படியாக இடம் மாறியது தூக்கம் ஒன்றுதான்: மகளுக்கு வந்துவிட்டது, எனக்குப் போய்விட்டது.