அக்காவின் ரிப்போர்ட்டை நான் படித்த விதம்

எங்கள் அக்கா மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களும் நண்பர்களும் இதை ஒருமுறை முழுதாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். படத்தைப் பார்த்துவிட்டு மடித்துப் பைக்குள் வைப்பது நமக்கெல்லாம் வழக்கம். நானும் அப்படிப் பல மலர்களை மடித்து வைத்தவன்தான். ஆனால் இதில் அக்காவின் வாழ்க்கையோடு, இத்தனை நாள் நான் வாயைத் திறந்து சொல்லாத ஒன்றும் இருக்கிறது.

அக்கா பிறந்தது வல்லத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில். அப்பாவுக்குத் திண்டிவனம் மண்டியில் எடை போடும் வேலை கிடைத்ததும் குடும்பம் திண்டிவனம் வந்துவிட்டது. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டைகளுக்கு நடுவில்தான் வளர்ந்தோம். அப்பா திடீரென்று படுத்துவிட்டபோது அக்கா பத்தாவது முடித்திருந்தார். மேலே படிக்க ஆசை இருந்தது, வழி இல்லை. பால்வாடி டீச்சர் வேலைக்குப் போனார். என்னைப் படிக்க வைத்தவர் அவர்தான். நான்தான் ஒன்பதாவதோடு நின்றேன். அதற்குப் பிறகு நான் கற்ற இங்கிலீஷ் எல்லாம் மருந்து டப்பா, உர மூட்டை, பழைய பேப்பர் ஆகியவற்றிலிருந்து எழுத்துக் கூட்டிப் படித்தது. வீட்டில் எந்தத் தாள் வந்தாலும் "தம்பிகிட்ட குடு, அவன் படிப்பான்" என்று பெருமையாகச் சொல்வது அக்காதான். அந்தப் பெருமையே அவருக்கு எமனாக வந்தது.

தொண்ணூற்று மூன்றில் அக்காவுக்குத் திருமணம். மாமா விழுப்புரத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். பத்து வார்த்தை பேசவேண்டிய இடத்தில் ஒன்று பேசுவார். அக்கா ஒன்று பேச வேண்டிய இடத்தில் நூறு பேசுவார். "வூட்டுல ரேடியோ ஒண்ணு போதும்" என்பாராம் மாமா. அக்காவுக்குக் காணை பக்கம் பால்வாடிக்கு மாற்றல் கிடைத்தது. தினமும் சாயங்காலம் பிள்ளைகள் சொன்னதையெல்லாம் மாமாவிடம் ஒப்பிப்பார். ஏன்டா முட்டை கொண்டு வரவில்லை என்று ஒரு பிள்ளையைக் கேட்டதற்கு, "எங்கூட்டுக் கோழி லீவு டீச்சர்" என்றானாம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எது நின்றுபோனாலும் லீவுதான்: மின்சாரம் லீவு, குழாய்த் தண்ணீர் லீவு. பெண் குழந்தை ஒன்று பிறந்தது. குறைவில்லாமல்தான் இருந்தார்கள்.

அந்தப் பெண் ஆறாவது படிக்கும்போது ஒருநாள், பிள்ளைகளுக்குச் சத்துமாவு உருண்டை பிடித்துக்கொண்டிருந்த அக்காவின் வலது கை தானாக வெட்டி வெட்டி இழுத்தது. அப்படியே சாய்ந்துவிட்டார். பால்வாடி ஆயாம்மா ஓடிப்போய்ச் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். தெருவில் யாரோ காக்கா வலிப்பு என்றார்கள், யாரோ காற்றுக் கருப்பு என்றார்கள். உறவில் ஒருவர் மந்திரித்த எண்ணெய் கொண்டுவந்தார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். பிறருக்கு வந்தால் எல்லோருமே வைத்தியர்.

மாமா யார் பேச்சையும் கேட்காமல் ஸ்கேன் எடுக்க வைத்தார். மூளையின் இடது பக்கத்தில் கட்டி. புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே மண்டையில் சிறு துளை போட்டு, ஊசி வழியாகத் துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வரும், அதை வாங்கிக்கொண்டு வியாழக்கிழமை டாக்டரைப் பாருங்கள் என்றார்கள்.

ரிப்போர்ட்டை வாங்கப் போனது நான். திங்கட்கிழமையே போனேன். நல்ல பிள்ளை, முன்கூட்டியே போனேன். வாங்கிக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். "அஸ்ட்ரோசைட்டோமா" என்பது வாயில் நுழையவில்லை. "கிரேடு இரண்டு" என்றிருந்தது. அதற்குக் கீழே எனக்கு நன்றாகத் தெரிந்த இரண்டு சொற்கள் இருந்தன: "லோ கிரேடு".

நான் மண்டியில் தரம் பார்க்கிறவன். மூட்டைக்குள் கையை விட்டு நாலு காய் எடுத்து, உடைத்து, பருப்பைப் பார்த்துத் தரம் சொல்வது என் பிழைப்பு. எங்கள் மண்டியில் லோ கிரேடு என்றால் பூசணம் பிடித்த, சொத்தை விழுந்த, கழித்துத் தள்ள வேண்டிய சரக்கு. அதற்கு மேல் பேச்சில்லை. வியாபாரி முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த மூட்டைக்குப் போய்விடுவான்.

வீட்டுக்குத் திண்டிவனம் போகாமல் நேரே விழுப்புரம் போனேன். அக்கா என் முகத்தைப் பார்த்ததுமே கேட்டுவிட்டார்.

"இன்னாடா போட்டிருக்கான்? மறைக்காம சொல்லு."

"லோ கிரேடுன்னு போட்டிருக்காங்கக்கா."

அவரும் மண்டிக்காரர் மகள்தானே. தாளை வாங்கி மடித்து வைத்தார். பிறகு சிரித்தார்.

"கழிச்சித் தள்ளிட்டாங்கன்னு சொல்லு."

மாமா மட்டும், "வியாழக்கெழம போயி டாக்டர ஒரு வார்த்த கேட்டுக்கினு வந்துடுவோம்" என்றார். அவர் பேசிய ஒரே வார்த்தை அதுதான். அதற்கு நான் பதில் சொன்னேன். என் வாயால் சொன்னேன்:

"இன்னும் என்னா மாமா கேக்கறது? அதான் எழுதியே குடுத்துட்டாங்களே."

அக்கா முடிவெடுத்துவிட்டார். கழிந்துபோன தலையை எதற்குக் கத்தியால் கீற வேண்டும், இருக்கும் நாளைப் பிள்ளையோடு இருந்துவிட்டுப் போகிறேன், யாரும் என்னை ஆஸ்பத்திரிக்கு இழுக்கக் கூடாது என்று மாமாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அந்த வியாழக்கிழமை யாரும் போகவில்லை. விழுப்புரம் டாக்டர் எழுதிக் கொடுத்த வலிப்பு மாத்திரை மட்டும் தொடர்ந்தது. அவரிடமும் அந்தத் தாளை நாங்கள் காட்டவில்லை.

ஆறு மாதம் தாங்காது என்று நான் மனதுக்குள் நாள் எண்ணினேன். ஆறு வருடம் ஓடியது. அக்கா பால்வாடிக்குப் போனார், வந்தார், சமைத்தார், பேசினார். எப்போதாவது கை இழுக்கும், நின்றுவிடும். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றார்கள். திருவிழாவில் அம்மா மெழுகுவர்த்தி ஏற்றி, எல்லோர் முன்னிலையிலும் இது கடவுள் செய்த புதுமை என்று சாட்சி சொன்னார். பக்கத்தில் நின்று ஆமென் சொன்னவன் நான். மெதுவாக வளரும் கட்டி என்று தாளில் எழுதியிருந்ததைத்தான் புதுமை என்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஏழாம் வருடம் வலிப்பு அடிக்கடி வந்தது. வலது கையால் சீப்பைப் பிடிக்க முடியவில்லை. அதைவிடக் கொடுமை, பேச்சில் சொல் மாறத் தொடங்கியது. தண்ணீர் கேட்க வேண்டியவர் சாவி கேட்டார். மாமாவை "டீச்சர்" என்று கூப்பிட்டார். நூறு பேசியவருக்கு ஒன்று பேச ஒரு நாழிகை ஆனது. மாமா சத்தியத்தை மீறினார். அக்காவைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார். நானும் பழைய தாளை எடுத்துக்கொண்டு போனேன்.

அங்கே ஓர் இளம் பெண் டாக்டர், புது ஸ்கேனையும் பழைய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது அப்ப லோ கிரேடுதானே. ஏன் வராம வுட்டுட்டீங்க?"

"லோ கிரேடுன்னு போட்டதாலதாங்க வரல" என்றேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு, பொறுமையாக, ஆறு வருடத்துக்கு முன்னால் எனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டியதை, நான் யாரையாவது கேட்டிருக்க வேண்டியதைச் சொன்னார்.

மூளையில் நரம்புகளுக்கு முட்டுக்கொடுக்கும் செல்கள் உண்டாம், நட்சத்திரம் போல் கை விரித்திருக்குமாம். அவற்றிலிருந்து கிளம்பும் கட்டிக்குத்தான் அந்த வாயில் நுழையாத பெயர். அதில் நான்கு தரம். ஒன்றாவது பெரும்பாலும் பிள்ளைகளுக்கு வருவது. ஓரம் தெளிவாக இருக்கும், முழுதாக எடுத்துவிட்டால் அநேகமாகத் தீர்ந்தது. இரண்டாவதற்கு ஓரம் கிடையாது. துணியில் எண்ணெய் ஊறுவது போல நல்ல மூளைக்குள் ஊறியிருக்கும், ஆனால் மெதுவாக வளரும். இந்த இரண்டும்தான் லோ கிரேடு. மூன்றாவது வேகம் பிடிப்பது. நான்காவது எல்லாவற்றிலும் மூர்க்கம், தனக்கென்று ரத்தக் குழாயே வளர்த்துக்கொண்டு பெருகும். இரண்டாவது என்றைக்கும் இரண்டாவதாகவே இருக்காது, வருடங்கள் போகப்போக மூன்று, நான்கு என்று மாறக்கூடும். அதனால்தான் எடுக்க முடிந்தவரை எடுத்துவிட்டு, தேவைப்பட்டால் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்து, ஸ்கேனில் கண் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். அக்காவுக்கு இப்போது நான்காவதாக மாறியிருக்கும் போலத் தெரிகிறது என்றார்.

லோ என்றால் வேகம் குறைவு. தரம் குறைவு அல்ல. மண்டியில் தாழ்ந்தது கெட்டது. ஆஸ்பத்திரியில் தாழ்ந்ததுதான் நல்லது.

"அப்ப எடுத்திருந்தா முழுசா குணமாயிருக்கும்னு என்னால சொல்ல முடியாதுங்க. திரும்பவும் வந்திருக்கலாம். ஆனா நெறைய டைம் கெடைச்சிருக்கும்" என்றும் அந்த டாக்டர் சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னார். ஆனால் நேரம் என்பது சும்மா கிடைப்பதா? ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பது பழமொழி. எனக்கு ஆயிரம் பேர் தேவைப்படவில்லை.

இதையெல்லாம் மாமா பக்கத்திலேயே நின்று கேட்டார். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "ஆப்பரேஷன் எப்பங்க?" என்று டாக்டரைக் கேட்டார்.

மண்டையைத் திறந்து எடுத்தார்கள். பேச்சுக்கு உரிய இடத்தை ஒட்டியிருந்ததால் முழுதும் எடுக்க முடியவில்லை. எடுத்ததைப் பரிசோதித்ததில் நான்காவது என்பது உறுதியானது. பிறகு ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் கரண்ட். கூடவே தினமும் வெறும் வயிற்றில் மாத்திரை. கரண்ட் முடிந்த பிறகு மாதத்தில் ஐந்து நாள் மாத்திரை. மூளை வீக்கத்துக்குக் கொடுத்த மருந்தில் அக்காவின் முகம் உப்பிப்போனது, ஒரு பக்கம் முடி கொட்டியது. கண்ணாடியைப் பார்த்து, "யாரு... இந்தம்மா?" என்றார். பேச்சு போயும் கேலி போகவில்லை.

கரண்ட் வைக்கக் காத்திருந்த பெஞ்சில்தான் ஒருநாள் என்னைக் கேட்டார்.

"அந்தப் பொண்ணு... டாக்டரு... உன்ன என்னா சொல்லிச்சி?"

சொன்னேன். எதையும் விடாமல் சொன்னேன். அவர் தரையையே பார்த்துக்கொண்டு கேட்டார். சொல்லைத் தேடி எடுக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

"ஒடச்சிப்... பாக்கலியாடா?"

அவ்வளவுதான். திட்டவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்து, "மாமாகிட்ட..." என்று தொடங்கினார். மறுபடி "மாமாகிட்ட..." என்றார். அதற்கு மேல் சொல் வரவில்லை. உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். மாமாவிடம் என்ன, சொல்லாதே என்பதா, மன்னிப்புக் கேள் என்பதா, அவரைப் பார்த்துக்கொள் என்பதா, எனக்குத் தெரியாது. பிறகு பலமுறை கேட்டேன், அவருக்கும் நினைவில்லை.

ஆப்பரேஷனுக்குப் பிறகு ஒன்றேகால் வருடம் இருந்தார். கடைசி இரண்டு மாதம் படுக்கை. மாமா கடையைப் பூட்டிவிட்டு, ஊட்டினார், துடைத்தார், புரட்டிப் படுக்க வைத்தார். முதுகில் ஒரு புண் வரவில்லை. பேசாத மனிதர் அந்த இரண்டு மாதமும் அக்காவிடம் பேசிக்கொண்டே இருந்தார். கடைக்கு வந்தவர் போனவர் கதையெல்லாம் சொன்னார். அவசரப்பட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்காமல், வீட்டிலேயே, சாமியாரிடம் கடைசிப் பூசுதல் பெற்று, மாமாவின் கையைப் பிடித்தபடி அக்கா கண்ணை மூடினார்.

இனி நான் எழுத வேண்டியது.

அடக்கம் முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது நம் பெரியப்பா மாமாவைப் பார்த்து, "பொண்டாட்டி தலைய வுட கடை பெருசாப் போச்சி ஒனக்கு. மொதல்லியே பாத்திருந்தா எம்பொண்ணு இருந்திருக்கும்" என்றார். பந்தியில் இருந்த பலர் தலையாட்டினீர்கள். சிலர் அதற்கு மேலும் சொன்னீர்கள். மாமா இலையை மடித்துவிட்டு எழுந்து போனார். ஒரு வார்த்தை, "நானில்ல, உங்க புள்ளதான்" என்ற ஒரே வார்த்தை, அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் சாம்பார் வாளியோடு அங்கேதான் நின்றேன். நானும் சொல்லவில்லை. அடுத்த இலைக்கு ஊற்றப் போனேன்.

கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி எங்கே என்பார்கள். நீங்கள் கேட்டதை நம்பினீர்கள், உங்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஓராண்டாக நம்ப விட்டவன் நான். இந்த மலருக்கு எழுதச் சொன்னபோது மாமா, "அத எழுதாத. போனது போச்சி. நீயும் அதுக்குத் தம்பிதானே" என்றார். அதனால்தான் அச்சுக்குப் போகும் முன் இதை அவரிடம் காட்டவில்லை. உங்களோடு சேர்ந்துதான் அவரும் இதைப் படிக்கிறார்.

அக்காவைக் கவனித்த டாக்டர்களுக்கும், தலையைக் கழுவிவிட்ட செவிலியர்களுக்கும், கரண்ட் வைத்த ஆறு வாரமும் வேனில் கூட்டிப்போய்த் திருப்பிக் கொண்டுவந்த மாமாவின் நண்பருக்கும், முதல் நாள் சாவிக்கொத்தோடு ஓடிவந்து கடைசி நாள்வரை ஓடிவந்துகொண்டிருந்த ஆயாம்மாவுக்கும், நற்கருணை கொண்டுவந்த சாமியாருக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி. உங்கள் வீட்டுக்கு நாளைக்கு ஒரு தாள் வந்து, அதில் தெரிந்த சொல் ஒன்று இருந்தால், தெரிந்த சொல்லாயிற்றே என்று இருந்துவிடாமல் டாக்டரிடம் போய்க் கேளுங்கள்.

திருப்பலி முடிந்ததும் வீட்டில் சாப்பாடு இருக்கிறது. சாப்பிட உட்காரும் முன் மாமாவிடம் போய் ஒரு வார்த்தை பேசுங்கள். பெரியப்பா, நீங்கள் முதலில் போங்கள். அவர் பதில் பேச மாட்டார், அது அவர் சுபாவம். அதற்காகத் திரும்பி வந்துவிடாதீர்கள். எனக்குச் சொல்ல வேண்டியதை அதற்குப் பிறகு என்னிடம் வந்து சொல்லுங்கள். நான் வாசலிலேயே நிற்கிறேன்.