மூன்று ரிங் என்றால் உடனே வா

நான் இப்போது வசிக்கும் நியூசிலாந்தின் ஹாமில்டன் நகரத்தில், ஒருவருக்கு மிஸ்டு கால் கொடுத்தால் அவர் திருப்பிக் கூப்பிடுகிறார். இங்கே வந்த பதினோராம் நாளில் இதைத் தெரிந்துகொண்டேன். அடுத்த வீட்டு மோரீன், எழுபத்தொரு வயது, தனியாக இருப்பவர், என்னை நூலகத்தில் காரில் இறக்கிவிட்டு, வேலை முடிந்ததும் போனில் தெரிவிக்கச் சொன்னார். முடிந்தது. திருச்சிக்காரன் எவனும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஒரு ரிங் போகவிட்டு நிறுத்தினேன். உடனே அவர் கூப்பிட்டார். செய்திதான் போய்ச் சேர்ந்துவிட்டதே என்று துண்டித்தேன். மறுபடி கூப்பிட்டார், துண்டித்தேன். மூன்றாவது முறையும் துண்டித்தேன். எட்டு நிமிடத்தில் மோரீன் வந்தார். கூடவே நூலக ஊழியர் ஒருவர் முதலுதவிப் பெட்டியுடன் ஓடிவந்தார். "மூன்று தடவை போனை வைத்துவிட்டீர்களே, மயங்கி விழுந்துவிட்டீர்கள் என்று நினைத்தேன்" என்றார் மோரீன். எங்கள் ஊரில் போன் என்பது எடுப்பதற்கு அல்ல, எண்ணுவதற்கு என்று வீடு வரும்வரை விளக்கினேன். ஆறு சிக்னல்கள் கடந்தபின், "எண்ணி முடித்த பிறகாவது பேசுவீர்களா?" என்று கேட்டார்.

எனக்கும் என் அக்கா கோமளாவுக்கும் பதினாறு ஆண்டுகளாக ஓர் ஒப்பந்தம் உண்டு. அப்போது நான் தில்லைநகரில் இருந்தேன், ஒரு கல்லூரியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றிருந்தேன். அக்கா ஸ்ரீரங்கத்தில் வடக்குச் சித்திரை வீதியில், அத்திம்பேர் காலமான பிறகு தனியாக இருந்தாள். அவளுக்கு என்னைவிட ஆறு வயது அதிகம், ஆனால் குரலில் அறுபது வயது அதிகம். தினமும் காலை ஆறு மணிக்கு, பெருமாளின் முதல் தரிசனமான விசுவரூபம் சேவிக்கக் கோயிலுக்குக் கிளம்பும் முன், அவள் எனக்கு மிஸ்டு கால் தரவேண்டும். ஒரு ரிங் என்றால் நலம். இரண்டு என்றால் ஒழிந்தபோது கூப்பிடு. மூன்று என்றால் உடனே வா. இந்த விதிகளை ஓர் அட்டையில் எழுதி, அவள் வீட்டு நாள்காட்டிக்குக் கீழே நானே ஒட்டிவைத்தேன்.

திருச்சியில் இருந்த காலம் முழுவதும் மூன்று ரிங் வந்தது ஒரே ஒரு முறை. மார்கழி மாதம். செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி, ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் தொற்றிக்கொண்டேன். காவிரிப் பாலத்தில் பதினான்கு நிமிடம் நின்றோம். ஐம்பத்திரண்டாவது நிமிடம் அவள் வாசலில் மூச்சு வாங்க நின்றபோது, அக்கா உருளி நிறையப் பாலில் குழைந்த இனிப்புப் பொங்கலோடு வந்தாள்.

"கூடாரவல்லிடா சேஷு. அக்காரவடிசல். நெய் உறையறதுக்குள்ள வரணுமேன்னு மூணு அடிச்சேன்."

நான் கத்தியது மூன்றாம் வீடுவரை கேட்டிருக்கும். மூன்று என்பது உயிர் போகிற விஷயத்துக்கு மட்டும்தான், அக்காரவடிசலுக்கு ஒன்று போதும் என்றேன். "சரிடாப்பா, இனிமே உசிரு போனாத்தான் மூணு அடிப்பேன், போறுமா?" என்று சொல்லிவிட்டு இலை போட்டாள். கோபத்தோடு இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

என் மனைவி போன பிறகு, மூன்று ஆண்டுகளுக்கு முன் மகள் என்னை இங்கே அழைத்துக்கொண்டாள். ஒப்பந்தத்தை நான் கையோடு கொண்டுவந்தேன். அக்காவின் பட்டன் போனில் வெளிநாட்டு அழைப்பு வசதியை ஏற்படுத்தி, இரண்டாம் எண்ணை அழுத்திப் பிடித்தால் எனக்கு வரும்படி வைத்திருந்தேன். ஸ்ரீரங்கத்துக் காலை ஆறு, இங்கே குளிர்காலத்தில் பகல் பன்னிரண்டரை, கோடையில் ஒன்றரை. இந்த நாட்டில் ஆண்டுக்கு இரு முறை கடிகாரத்தையே திருத்துகிறார்கள் என்பது எனக்கு முதலில் தெரியாது. அந்த முதல் செப்டம்பரில் பன்னிரண்டரைக்கு ரிங் வரவில்லை என்று பதறி, அக்கா வாசலில் பூ விற்கும் செல்விக்குப் போன் செய்து கதவைத் தட்டச் சொன்னேன். பாதிக் குளியலில் வந்து கதவைத் திறந்த அக்கா என்னைப் பற்றிச் செல்வியிடம் சொன்னதை, செல்வி முழுவதுமாக என்னிடம் சொல்ல மறுத்துவிட்டாள்.

ஒவ்வொரு நாளும் ரிங் வந்த நேரத்தையும் எண்ணிக்கையையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவந்தேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாட்கள். எல்லா நாளும் ஒன்று. சில நாள் சத்தமே வராமல் திரை மட்டும் ஒளிர்ந்து அடங்கும், அதையும் ஒன்று என்றே எழுதினேன். இரண்டு ஒரு நாளும் வரவில்லை. ஞாயிறுதோறும் நானே கூப்பிட்டுப் பேசுவதால் அக்காவுக்குக் குறையொன்றும் இல்லை என்று முடிவு செய்திருந்தேன். ஆயிரம் நாளும் ஒரே எண் வரும் ஒரு பட்டியலை என் மாணவன் கொண்டுவந்திருந்தால், கருவியைச் சரிபார்த்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பியிருப்பேன்.

சென்ற ஆண்டு, பழைய நெட்வொர்க்கை மூடப்போகிறோம், பழைய போன்கள் இனி இயங்கா என்று கடிதம் வந்தது. புதிய போன் வாங்கக் கடைக்குப் போனேன். அங்கிருந்த பெண் கனிவானவள். நான் தேவைகளை வரிசையாகச் சொன்னேன்: தினமும் ஓர் அழைப்பு வரும். அது வந்தே ஆகவேண்டும். நான் அதை எடுக்க மாட்டேன். வேறு எந்த இயந்திரமும் எடுக்கக் கூடாது.

"வேண்டாத அழைப்பா? தடுத்துவிடட்டுமா?" என்றாள்.

"இல்லை, மிகவும் வேண்டிய அழைப்பு. அதனால்தான் எடுப்பதில்லை."

அவள் குரலைத் தாழ்த்தி, "யாராவது உங்களைத் தொந்தரவு செய்கிறார்களா?" என்று கேட்டாள்.

"என் அக்கா" என்றேன்.

முதியோர் குடும்பத்தினரால் துன்புறுத்தப்படுவது பற்றிய துண்டுப் பிரசுரம் ஒன்றை எடுத்து, என் கையில் வைத்து அழுத்தினாள். ஆறு பக்கமும் படித்தேன். மிஸ்டு கால் பற்றி ஒரு வரி இல்லை. ஆனால் சிம் மாற்றி இரண்டு நாள் கழித்து நான் மறுபடி போனபோது, எடுக்காத அழைப்புக்குப் பதில் சொல்லும் குரல் அஞ்சலை அணைத்துத் தந்தாள். நல்ல வேளை. அணைப்பதற்கு முன் அந்த இரண்டு நாளில் அக்கா அந்த இயந்திரத்திடம் அகப்பட்டிருந்தாள். "யாரும்மா நீ? சேஷு ஆத்துல இல்லையா? நீ பாட்டுக்குப் பேசிண்டே போறியே" என்ற அவள் குரல் இன்னமும் என் போனில் இருக்கிறது.

இந்தத் தை மாதம் ஊருக்குப் போனேன். அக்கா காபியை இடது கையால் ஆற்றினாள். கேட்டேன். "வயசாச்சு, கை மாத்திண்டேன்" என்றாள். நான் அதை விட்டுவிட்டு, வந்த வேலையைத் தொடங்கினேன். புதிய போன் அவள் அழைப்பை ஒழுங்காக வாங்குகிறதா என்று நேருக்கு நேர் வைத்துச் சோதிக்கவேண்டும். நியூசிலாந்து சிம் ஸ்ரீரங்கத்தில் வேலை செய்வதற்காக மகள் பதினான்கு படிகள் எழுதித் தந்திருந்தாள். ஒன்பதாவது படியில் நெட்வொர்க்கை நாமே தேர்ந்தெடுக்கவேண்டும். போன் நான்கு பெயர்களைக் காட்டியது. முதல் மூன்றும் என்னை ஏற்க மறுத்தன. நாற்பது அங்குலச் சுவர் வீடு அது, கூடத்தில் சிக்னல் இல்லை, சமையலறையில் இல்லை. தெற்குப் பக்க ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டியபோது நான்காவது நெட்வொர்க் சேர்த்துக்கொண்டது.

"பெருமாள் இருக்கற திக்குலதான் வரும். அதுக்குப் பதினாலு படி எதுக்கு?" என்றாள் அக்கா.

எதிரெதிரே உட்கார்ந்தோம். அவள் காதில் மூன்று ரிங் கேட்டதும் நிறுத்தவேண்டும், என் போனில் எத்தனை அடிக்கிறது என்று நான் எழுதவேண்டும். பத்து முறை செய்யவேண்டும் என்றேன்.

"பத்தா? அடுப்புல சாத்தமுது கொதிக்கறதுடா."

"மூன்று முறை செய்து எந்த முடிவுக்கும் வரமுடியாது அக்கா."

பத்து முறையும் செய்தாள். அவள் காதில் மூன்று. என் போனில் ஏழு முறை ஒன்று, இரண்டு முறை வெறும் வெளிச்சம், ஒரே ஒரு முறை இரண்டு. மூன்று ஒரு முறைகூட வரவில்லை. ஊர் விட்டு ஊர் வந்த சிம் என்பதால் குளறுகிறது என்று முதலில் நினைத்தேன். அடுத்த நாள் இரண்டு போன்களையும் எடுத்துக்கொண்டு சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஜமால் பாய் கடைக்குப் போனேன். பத்தொன்பது ஆண்டு சவூதியில், தம்மாமில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, கைபேசி பழுது பார்க்கிறவர்.

"போன் நல்லாத்தான் இருக்கு சார்" என்றார். "அக்கா காதுல கேக்குதே ஒரு சத்தம், அது உங்க போன் அடிக்கிற சத்தம்னா நெனச்சீங்க?"

"வேறென்ன?"

"அது கூப்பிடுறவங்க சும்மா காத்திருக்கணுமேன்னு லைன்ல போட்டு விடுற சத்தம். இங்க உள்ளூர்ல ஏறக்குறைய ஒத்துப்போகும். கடல் தாண்டிப் போய்ச் சேர்றதுக்குள்ள இங்க ரெண்டு மூணு ஓடிரும். கட் பண்ண சேதியும் லேட்டாத்தான் போகும், அதனால ஒண்ணுல கட் பண்ணாலும் மூணுல பண்ணாலும் அங்க பெரும்பாலும் ஒண்ணுதான் அடிக்கும். அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு கணக்கு சேரவே சேராது."

"நான் புள்ளியியல் பேராசிரியர், பாய்."

"அதுக்கு என்ன சார் பண்றது" என்று ஆறுதலாகச் சொன்னார். "எங்க வீட்ல ரிங்கை எண்ணவே மாட்டாங்க. நான் கட் பண்ற வரைக்கும் அடிச்சிக்கிட்டே இருப்பாங்க. அடிச்சா அவங்க இருக்காங்க, கட் பண்ணா நான் இருக்கேன். அல்ஹம்துலில்லாஹ், பத்தொன்பது வருஷம் ஓடிப்போச்சு."

புதிய உண்மை ஒன்றைக் கண்டுபிடித்த உற்சாகத்தோடு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் திரும்பினேன். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பாய் சொன்னதை எல்லாம் படம் வரையாத குறையாக விளக்கினேன். நீ மூன்று அடித்தாலும் எனக்கு ஒன்றுதான் வரும் என்று முடித்தேன். அவள் கீரைத்தண்டைக் கீழே வைத்தாள்.

"அப்போ உனக்குக் கேக்கவே இல்லையா?"

"எது?"

"ஐப்பசில அடிச்சேனே. மூணு."

அன்று விடியற்காலையில் நல்ல மழை. கொல்லைக் குழாயடியில் வழுக்கி விழுந்திருக்கிறாள். வலது மணிக்கட்டு. இடது கையால் போனை எடுத்து, இரண்டாம் எண்ணை அழுத்தி, மூன்று எண்ணி நிறுத்திவிட்டு, படியில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு மணி நேரம் கழித்துப் பூ கொண்டுவந்த செல்விதான் பார்த்து, ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்கிறாள். நாற்பது நாள் மாவுக்கட்டு.

"நீ வரமுடியாதுன்னு எனக்குத் தெரியாதா? சமுத்திரத்தைத் தாண்டி எப்படி வருவே? நீயா ஒரு போனாவது பண்ணுவேன்னு இருந்தேன்."

"ஞாயிற்றுக்கிழமை பேசினேனே அக்கா. சொல்லப்படாதா?"

"மூணு அடிச்சும் பேசாதவன்கிட்ட வாயால வேற சொல்லணுமாக்கும். அக்காரவடிசலுக்கு அந்தக் கத்துக் கத்தினியே, அதுக்கு நீ பழி வாங்கறேன்னு நெனச்சேன். ஆறு வயசுலேர்ந்தே நீ அப்படித்தானே."

பெட்டியைத் திறந்து குறிப்பேட்டை எடுத்தேன். அந்த நாள் இருந்தது. ஒன்று நாற்பத்தாறு. ஒரு ரிங். பக்கத்தில் என் கையெழுத்தில், 'பதினாறு நிமிடம் தாமதம். நலம்.' அந்த ஞாயிறு பேசும்போது, அந்தப் பதினாறு நிமிடத்துக்கு நான் அவளிடம் காரணம் கேட்டதும் நினைவுக்கு வந்தது. வேலை இருந்தது என்று சொல்லியிருந்தாள்.

"தாமதம் ஏன்னு கேட்டே பாரு, அன்னிக்கே உன்னைத் தலைமுழுகிட்டேன்" என்றாள் அக்கா. பிறகு, "எழுந்திரு, கண்ணைத் தொடச்சுண்டு அந்தக் கீரையை அலம்பு" என்றாள். ஐந்து தண்ணீரில் அலம்பினேன்.

ஜமால் பாயின் முறையை அவளிடம் சொல்லிப் பார்த்தேன். ஏற்கவில்லை. "கட்டும் வேண்டாம் கிட்டும் வேண்டாம். எண்ணவும் வேண்டாம். நான் அடிப்பேன், நீ எடு. இருக்கேன்னு சொல்லிட்டு வெச்சுடறேன்." நாள்காட்டிக்குக் கீழே இருந்த அட்டையை நானே கிழித்தேன். பதினாறு வருடத்துப் பசை, சுவரில் இருந்து கொஞ்சம் சுண்ணாம்பும் வந்தது. கிளம்புகிற அன்று அக்காரவடிசல் கிளறினாள். வலது கை ஒத்துழைக்காததால் இரண்டு இடத்தில் அடிப்பிடித்திருந்தது. நான் அதைச் சொல்லவில்லை.

அன்று அக்கா வீட்டு ஜன்னலில் நெட்வொர்க் கிடைத்ததுமே, நியூசிலாந்து சிம்முக்கு 'இந்தியாவுக்கு நல்வரவு' என்று ஒரு செய்தி வந்திருந்தது. ஆக்லாந்தில் இறங்கியபோது, அதே போனில் இருக்கும் திருச்சி சிம்முக்கு 'நியூசிலாந்துக்கு நல்வரவு' என்று வந்தது. இரண்டு ஊரும் என்னை விருந்தாளியாகவே வரவேற்றன.

இன்று ஒன்றரைக்கு நான் கொல்லைப்புறத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். சட்டைப்பையில் போன் அடித்தது. திரையில் மேலே ஸ்ரீரங்கத்து நேரம் ஆறு, கீழே இந்த ஊர் நேரம். எடுத்தேன்.

"இருக்கேன்" என்றாள். வைத்துவிட்டாள். அழைப்பு நேரம் மூன்று விநாடி என்று போன் காட்டியது. விசுவரூபத்துக்கு நேரமாகிவிட்டிருக்கும்.

"நானும் இருக்கேன்" என்றேன், ஓய்ந்துபோன போனிடம், கொஞ்சம் உரக்கவே. வேலிக்கு அப்பாலிருந்து மோரீன் தலையை நீட்டி, என்னையா கூப்பிட்டீர்கள் என்று கேட்டார்.