துண்டுக்கு நிற்காத வண்டி

வீட்டுக்காரர் இறந்த பிறகு பஸ் பெர்மிட் என் பெயருக்கு மாறியது. கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த பொம்பளை பஸ் விடுகிறாள் என்று சிரித்தவர்கள் உண்டு. அவர்களும் என் வண்டியில்தான் ஏறினார்கள். அப்போது அந்தப் பாதையில் வேறு வண்டி கிடையாது. கன்னிவாடியிலிருந்து காலையில் திண்டுக்கல்லுக்குப் போனால் சாயந்திரம்தான் திரும்பும்.

அந்தப் பாதைக்கு ஒரு பழக்கம். தூரத்துத் தோட்டத்திலிருந்து யாராவது தலைத்துண்டை அவிழ்த்து வீசினால், ஆள் வரப்பு வழியே வந்து சேரும்வரை வண்டி நிற்கும். என் வீட்டுக்காரர் வைத்த வழக்கம் அது.

ஒருநாள் நானும் வண்டியில் இருந்தேன். துண்டு வீசிய பெரியவர் ஆடி அசைந்து வந்து, ஏறாமல், ஜன்னல் வழியே ஒரு பையை நீட்டினார்.

"ஸ்டாண்டுல எம் மருமகன் நிப்பாரு, அப்பு. குடுத்துரு."

"நீ ஏறலையா, பெருசு?" என்றார் கண்டக்டர்.

"நான் எதுக்கு? கத்திரிக்காதான் போகணும்."

வண்டியே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டி நேரத்துக்கு வருவதில்லை என்று ஏற்கெனவே இரண்டு புகார். மூன்றாவது வந்தால் பெர்மிட் போய்விடும் என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் எச்சரித்திருந்தார்கள். அதற்காகவே இன்னொரு பஸ் முதலாளி காத்துக்கொண்டிருந்தார்.

அன்றே டிரைவரிடம் சொன்னேன். "இனிமே துண்டுக்கு நிக்காதீகண்ணே. ரோட்டுல ஆள் நின்னா மட்டும் ஏத்துங்க."

"இம்புட்டு வருசமா நின்ன வண்டியாச்சே, அக்கா. செத்த நேரந்தானே."

"மொதலாளி நானா, நீங்களா?"

அவர் வண்டியைத் துடைக்கப் போய்விட்டார். ஊர் ஊராக ஆள் விட்டு இதைச் சொல்லியிருக்க வேண்டும். தானாகத் தெரிந்துகொள்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஒரு வாரம் ஆகவில்லை. சாயந்திரம் வண்டியை விட்டுவிட்டு வந்த டிரைவர், கொடுத்த காப்பியைத் தொடவில்லை.

"காலைல ரெண்டு துண்டு வீசுனாங்கக்கா. ஒருத்தன் மரத்துல ஏறி நின்னு வீசுனான். நீங்க சொன்னீகளேன்னு நிக்காம மிதிச்சுட்டேன்."

துண்டு வீசியவர்களுக்குப் பின்னால் கட்டிலில் ஒரு பெண்ணைத் தூக்கி வந்திருக்கிறார்கள். இரண்டு நாளாகப் பிரசவ வலி. பஸ் போய்விடவே மாட்டு வண்டி பூட்டிக் கிளம்பியிருக்கிறார்கள். பாதி வழியில் தாயும் போய், வயிற்றுப் பிள்ளையும் போய்விட்டது.

மறுநாள் துக்கம் கேட்கப் போனேன். அந்தப் பெண்ணின் மாமியார் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"துண்டு வீசுனது டிரைவர் கண்ணுக்குத் தெரியலையா, தாயி?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். பழியை அவர் தலையில் போட்டிருக்கலாம். எனக்கு அது வராது.

"தெரிஞ்சது. நாந்தான் நிக்க வேணாம்னு சொல்லியிருந்தேன்."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அந்த ஊர்க்காரர்கள் அதன்பிறகு என் வண்டியில் ஏறவில்லை. மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, வண்டி போகும் ரோட்டிலேயே திண்டுக்கல்லுக்கு நடந்தார்கள். துண்டு வீசினாலும் வீசாவிட்டாலும் அந்த ஊருக்கு நேரே தினமும் நிற்கச் சொன்னேன்.

"யாரும் ஏற மாட்டாங்கக்கா. எடுக்கட்டா?" என்பார் டிரைவர், நான் கூடப் போகிற நாட்களில்.

"செத்த நேரம் நில்லுங்கண்ணே."

மூன்றாவது புகார் அப்படி நின்றதால்தான் வந்தது. பெர்மிட் அந்த முதலாளிக்குப் போயிற்று. அவர் வண்டி யார் துண்டு வீசினாலும் நிற்பதில்லை. அந்த ஊர்க்காரர்கள் நேரத்தோடு ரோட்டுக்கு வந்து நின்று அதில் ஏறினார்கள்.