மஞ்சள் கோட்டுக்குப் பின்னால்

எந்த ஊரிலும் நான்காம் நாள் எனக்குக் கால் அரிக்கும். மொன்றியலில் இரண்டாம் நாளே தொடங்கிவிட்டது. 2004 அக்டோபர், சனிக்கிழமை, காலை ஏழரை. நகரின் வில்லரே பகுதியில் நான் தங்கியிருந்த அறைக்குக் கீழே ஒரு தெப்பனர். மூலைக்கடைக்கு இங்கே அதுதான் பெயர். ஒன்றேகால் டாலருக்குக் காபி வாங்கி, குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்துகொண்டிருந்தேன். மேப்பிள் இலைகளும் விழுந்த இடத்தில் கிடக்கவில்லை.

அன்ரன் அண்ணையின் கார் வந்தது. யாழ்ப்பாணத்துக்காரர், விமான உதிரிப்பாகத் தொழிற்சாலையில் கடைசல் வேலை. முந்தின ஞாயிறு டொரண்டோவில் ஒரு திருமணத்தில் அறிமுகமானபோது, "மொன்றியலுக்கு வாங்கோ, நீங்கள் பாக்காத ஒண்டு காட்டுறன்" என்றிருந்தார். அவர் சேகரித்து வைத்திருக்கும் பழைய ரிவால்வர்களை, அவை வெடிக்கும் இடத்திலேயே காட்டுவதாக ஏற்பாடு.

முன் இருக்கையில் அவர் மனைவி மெர்சி. மன்னார்க்காரர்; சிறுபிள்ளைகளின் காப்பகத்தில் வேலை. நான் கதவைச் சாத்துவதற்குள் விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"தம்பி, இந்த மனிசன் சனிக்கிழமையிலை போற இடத்தை நான் இண்டைக்குத்தான் பாக்கப்போறன். தையிலை மகளுக்குப் பிள்ளை. எங்களோடை வந்து இருக்கப்போறாள். பாத்திட்டுச் சொல்லுவன், இந்தச் சாமான்கள் வீட்டிலை இருக்கலாமோ இல்லையோ எண்டு."

"இருக்கக் கூடாதுன்னா?"

"போற வழியிலை, சென்ட்-ஆனிலை ஒருத்தர் வாங்கக் காத்திருக்கிறார். திரும்பி வரேக்கையே குடுத்திட்டு வாறது."

"வழக்குப் போட்டதும் அவதான், தீர்ப்புச் சொல்லுறதும் அவதான்" என்றார் அன்ரன், சாலையைப் பார்த்தபடியே.

எட்டரைக்குக் கர்க்லாண்டில் அவர்கள் வீட்டில் நிறுத்தி, நிலவறைக்கு இறங்கினோம். ஒரு சுவரில் இரும்பு அலுமாரி. எதிர்ச்சுவரில், இன்னும் பிரிக்காத அட்டைப்பெட்டிக்குள் ஒரு தொட்டில்.

அலுமாரியில் மூன்று ரிவால்வர்கள். மூன்றும் இங்கிலாந்தில் செய்தவை, நூறு வயது கடந்தவை. கட்டைவிரலால் ஒரு நெம்புகோலைத் தள்ளினால் துப்பாக்கி நடுவில் மடிகிறது. உருளையின் ஆறு அறைகளும் வாயைத் திறந்து மேலே பார்க்கின்றன. இரண்டின் உருளையைப் பின்பக்கம் சீவியிருந்தார்கள். இங்கே மலிவாகக் கிடைக்கும் தோட்டா பொருந்துவதற்காக யாரோ எப்போதோ செய்த வேலை. மூன்றாவதை யாரும் தொடவில்லை. சென்ட்-ஆன்காரருக்கு வேண்டியது அது. அதற்கு அன்ரன் கரிமருந்தும் ஈயமும் வைத்துத் தானே தோட்டா அடைக்கிறார்.

"கரிமருந்து பொல்லாதது, தம்பி. சுட்ட அண்டைக்கே சுடுதண்ணியிலை கழுவவேணும். விட்டா இரும்பைத் தின்னும்."

"என்ரை கேத்தலிலைதான் அந்தச் சுடுதண்ணி" என்று படியிலிருந்து குரல் வந்தது.

ஏன் இதைச் சேர்க்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் மூன்றையும் ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, மறுபடியும் இழுத்துப் பார்த்தார்.

"ஊரிலை துவக்குக்கு முன்னாலை நிண்டனான். பின்னாலை நிண்டா எப்பிடி இருக்கும் எண்டு ஒருக்காப் பாக்க வெளிக்கிட்டது."

"ஒருக்காப் பாக்க மூண்டு வேணுமாம்" என்றது படி.

கர்க்லாண்டிலிருந்து நாற்பதாம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ தாண்டிப் பாலம் ஏறியபோது, ஏரிக்கு மேலே வாத்துக் கூட்டம் தெற்கே போய்க்கொண்டிருந்தது. என்னைப் போல இருப்புக் கொள்ளாதவை. ஆனால் போகுமிடம் தெரிந்தவை.

பத்து மணி. காட்டை வெட்டி அமைத்த திடல். மரக்கூரையின் கீழ் வரிசையாக மேசைகள், எதிரே மண்மேடு. மேசைகளுக்குப் பின்னால் தரையில் ஒரு மஞ்சள் கோடு. விருந்தாளிக்குப் பத்து டாலர். திடலுக்குப் பொறுப்பாளர் மார்செல், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். போன்ஜூர் சொன்ன கையோடு விதிகளைப் பிரெஞ்சில் ஒப்பித்தார். அன்ரன் தமிழில் தந்தார்.

"ஆபத்து எண்டு கண்டா ஆரும் கத்தலாம். சுடுறவர் எண்டில்லை, பாக்க வந்தவரும்தான். கத்தினா எல்லாரும் துவக்கைத் திறந்து மேசையிலை வைச்சிட்டு, கோட்டுக்குப் பின்னாலை வந்திடவேணும். கத்தினவர் சரியெண்டு சொல்லுமட்டும் ஒருத்தரும் தொடேலாது. அது இந்தக் கிளப்பின்ரை வழக்கம்."

மெர்சியக்கா இதைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

அன்ரன் சுட்டார். வெள்ளைப் புகை மெத்தை போல எழுந்து, தீபாவளி விடியலின் மணத்தோடு கூரைக்குள் தொங்கியது. அடுத்து என் முறை. மெரினாவில் பலூன் சுட்டதைத் தவிர எனக்கு முன்னனுபவம் இல்லை. துப்பாக்கியின் முன்பக்கம் நீர் நிரம்பிய செம்பைப் போலக் கனத்தது. முதல் குண்டு மண்ணுக்குள் போனது. இரண்டாவது எங்கே போனதென்று தெரியவில்லை. ஆனால் உடம்பு முழுவதும் இன்னும், இன்னும் என்றது; வெகுநாளாக அலைந்துகொண்டிருந்த ஏதோ ஒன்றுக்கு வாசல் கிடைத்ததுபோல. மூன்றாவதற்குச் சுத்தியலைப் பின்னால் இழுத்தேன்.

"நிப்பாட்டுங்கோ."

காதுக் கவசத்தைத் துளைத்துக்கொண்டு வந்தது. மெர்சியக்கா கோட்டுக்குப் பின்னால் இரண்டு கைகளையும் தூக்கி நின்றார். மார்செலுக்குத் தமிழ் தெரியாது, கைகள் போதும். விசிலை ஊதினார். அன்ரன் என் மணிக்கட்டைப் பிடித்து, சுத்தியலை மெல்ல இறக்கி, துப்பாக்கியை மடித்தார். சுட்டதும் சுடாததுமாகத் தோட்டாக்கள் மேசையில் உதிர்ந்தன. வரிசையில் இருந்த ஏழெட்டுப் பேரும் ஆயுதங்களை வைத்துவிட்டுப் பின்வாங்கினார்கள். நாங்கள் எல்லோரும் கோட்டுக்குப் பின்னால், வெறுங்கையோடு.

என்ன கண்டீர்கள் என்று மார்செல் கேட்டார். மெர்சியக்கா பிரெஞ்சில் பதில் சொன்னார். அன்ரனின் முகம் கறுத்தது.

"என்ன சொல்றாங்க?" என்றேன் மெதுவாக.

"ஒண்டும் காணேல்லையாம். நிக்குதோ எண்டு பாத்தவவாம்."

வீணாகக் கூப்பாடு போட்டால் அழைத்து வந்த உறுப்பினர் தலையில் விடியும். சங்கத்திலிருந்தே நீக்கலாம். மார்செல் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். பிறகு வரிசையின் முதல் மேசைக்குப் போனார். ஒவ்வொரு துப்பாக்கியாகக் குனிந்து, அறை காலியா என்று பார்த்துக்கொண்டே கடைசிவரை நடந்தார். கூப்பாடு வீண்தான், ஆனாலும் கூப்பாடு கூப்பாடுதான். திரும்பி வந்து மெர்சியக்காவின் முன்னால் நின்று காத்திருந்தார்.

மெர்சியக்கா வரிசையை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்தார். புகை கலைந்து மண்மேடு தெரிந்தது. எங்கோ வாத்துகள் கத்தின. ஒரு கிழவர் இருமினார். யாரும் நகரவில்லை.

"இஞ்சேரும், சரியெண்டு சொல்லுமன்" என்றார் அன்ரன்.

"பொறுங்கோ."

பொறுத்தோம். பிறகு மார்செலைப் பார்த்துத் தலையசைத்தார். "மெர்சி, மதாம்" என்றார் அவர், நன்றி சொல்லும் பிரெஞ்சில், கொஞ்சம் கடுப்போடு. இன்னொரு தடவை இப்படி வேண்டாம் என்று அன்ரனிடம் ஒரு விரலைக் காட்டினார். அதற்குமேல் நான் சுடவில்லை.

திரும்பும்போது சென்ட்-ஆன் பிரிவுச்சாலை நெருங்கியதும் அன்ரன் வேகத்தைக் குறைத்தார்.

"சொல்லும். திருப்பவோ?"

"கரி இறுகிறதுக்கு முன்னம் கழுவவேணுமெல்லோ. வீட்டை போங்கோ." கொஞ்ச தூரம் போனதும், "தொட்டிலை மேல் அறைக்கு ஏத்தவேணும். தம்பியும் ஒரு கை பிடிப்பார்" என்றார்.

அன்ரன் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தார்.

"அடுத்த சனி நானும் வாறன்" என்றார் மெர்சியக்கா.

"சுடவோ?"

"நிப்பாட்ட. இனிக் காரணத்தோடை." கண்ணாடியை இறக்கினார். "ஊரிலை நாங்கள் கத்தின கத்துக்கு ஆர் நிப்பாட்டினவை? இப்ப அங்கை சண்டையை நிப்பாட்டியிருக்கினம். எத்தினை நாளைக்கோ."

தொட்டிலை ஏற்றினோம். கீழே கேத்தல் கூவியது.

திங்கள் காலை நியூயார்க் பேருந்து புறப்பட்டபோது கால் வழக்கம்போல அரித்தது. அந்தக் கோட்டுக்குப் பின்னால் நின்றபோது மட்டும் அரிக்கவில்லை. எங்கள் மெரினாவில் பலூன் பலகைக்கு முன்னால் ஆட்கள் குறுக்கே போய்க்கொண்டே இருப்பார்கள். அங்கே சுடுகிறவன் நிறுத்துவதில்லை, போகிறவன்தான் குனிந்து போகிறான். நானும் இத்தனை காலம் குனிந்து போனவன்தான். அடுத்த முறை குனிவதற்கு முன்னால் ஒரு தடவை கத்திப் பார்க்க வேண்டும்.